ஏழுன்னு எழுதினா மார்க், பன்னெண்டுன்னு எழுதினா முட்டை

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. சங்கீத வித்வான்கள் இப்பவே அடுத்த பதிவுக்குப் போயிடலாம். 'அதெல்லாம் நமக்கு வராதுங்க'ன்னு ஒதுங்கி நிக்கறவங்களுக்கும், அவங்களை ஒதுக்கி வச்சவங்களுக்கும் தான் இது.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சங்கீதத்தோட அடிப்படையை நம்மூர்ல புதுசா கத்துக்க வர்றவங்களுக்குச் சொல்லித் தர்ற முறை தலைகீழா இருக்கு. காதுக்குப் போக வேண்டியது நோட்டுப் புத்தகத்துக்குப் போகுது. சத்தத்தைக் கேக்கறதுக்கு முன்னாடியே அதோட பேரை மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க. அப்புறம் பேர் மறந்து போன குழந்தையைப் பாத்து 'இதுக்கு ஞானம் இல்லை'ன்னு முத்திரை குத்தி அனுப்பிடறாங்க. அந்த முத்திரை மேல தான் எனக்குக் கோவம்.

கேஸ் இது தான். ஏற்காட்டுல ஒண்டிக்கடை பக்கம் என் அக்கா வீடு. அக்கா பொண்ணு நாலாவது படிக்கிறா. சனிக்கிழமை ஆனா பஸ்ஸுல இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு கீபோர்ட் கிளாஸ் போவா. (எந்த கிளாஸ்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். எல்லா ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்கு.) மூணாவது மாசம் ஒரு டெஸ்ட். முதல் கேள்வி: ஸ்வரங்கள் எத்தனை? இவ எழுதின பதில் 12. சிவப்பு மையில முட்டை. சரியான விடை 7-ஆம்.

"மாமா, நான் எண்ணிப் பாத்துட்டுத் தான் எழுதினேன். வெள்ளை ஏழு, கருப்பு அஞ்சு. அதுக்கப்புறம் மறுபடியும் அதே மாதிரி தான் வருது. மிஸ் கிட்ட சொன்னேன், புக்குல ஏழுன்னு தான் இருக்குன்னுட்டாங்க."

யாரும் சொல்லித் தராமலே கீபோர்டுல பன்னெண்டுக்கு ஒரு தடவை எல்லாம் திரும்ப வருதுன்னு தானா கண்டுபிடிச்சிருக்கா. நான் ஆணி புடுங்கற இடத்துல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் இப்படி ஒரு பேட்டர்னைப் பிடிச்சான்னா அவனுக்கு டீ வாங்கிக் குடுப்போம். இங்க என்ன ஆச்சுன்னா, ரெண்டு வாரம் கழிச்சு அக்காவைக் கூப்பிட்டு 'பாப்பாவுக்கு சங்கீத ஞானம் கம்மி, டான்ஸ்ல போட்டுப் பாருங்க'ன்னு சொல்லிட்டாங்க. அவ கிளாஸை விட்டுட்டா.

ஏழா, பன்னெண்டா? ரெண்டும் சரி. பதினாறுன்னு சொன்னாலும் சரி. மூணும் எப்படி சரின்னு ஒரு நாலாங்கிளாஸ் குழந்தைக்குப் பத்து நிமிஷத்துல சொல்லிட முடியும். சொல்லாம விட்டது தான் குத்தம்.

பன்னெண்டுங்கறது இடங்கள். ஒரு 'ச'வுக்கும் அடுத்த 'ச'வுக்கும் நடுவுல, கீழ் 'ச'வையும் சேர்த்து எண்ணினா, பன்னெண்டு படி. ஏழுங்கறது எழுத்து: ச ரி க ம ப த நி. 'ச'வுக்கும் 'ப'வுக்கும் ஆளுக்கு ஒரே இடம். 'ம'வுக்கு ரெண்டு. ரி, க, த, நி நாலுக்கும் மூணு மூணு. கூட்டினா பதினாறு பேர். ஆனா இடம் பன்னெண்டு தான்! அப்போ நாலு இடத்துக்கு ரெண்டு பேர் இருக்கணும் இல்லையா? அதே தான். ரி2 இருக்கற இடத்துக்கே க1-ன்னும் பேர். ரி3-ம் க2-வும் ஒண்ணு. த2-வும் நி1-ம் ஒண்ணு. த3-ம் நி2-வும் ஒண்ணு.

இது குழப்பம் இல்லை. நாங்க நிக்கற மலைக்கே சேர்வராயன் மலைன்னும் பேர், ஷெவராய் ஹில்ஸ்னும் பேர். அதுக்காக யாரும் ரெண்டு மலைன்னு நினைச்சுக்கறது இல்லை.

ஒரே இடத்துக்கு ஏன் ரெண்டு பேர்? ஒரு மேளகர்த்தா ராகத்துல ஏழு எழுத்தும் ஒரு தடவை வரணும்ங்கறது விதி. கனகாங்கியை எடுத்துக்குங்க. அதுல 'ரி'ங்கற எழுத்தை முதல் ரியே எடுத்துக்கிச்சு. அடுத்த படியும் ராகத்துல இருக்கு. அதையும் 'ரி'ன்னு கூப்பிட முடியாது, அதனால அது 'க' ஆயிடுது. வெள்ளைக்காரன் சங்கீதத்துலயும் அச்சு அசல் இதே கதை தான். எஃப் மேஜர் ஸ்கேல்ல நாலாவது ஸ்வரத்தை பி ஃப்ளாட்னு எழுதுவாங்க. ஏ ஷார்ப்னு எழுதினாலும் கீபோர்டுல அதே கருப்புக் கட்டை தான். ஆனா 'ஏ'ங்கற எழுத்து ஏற்கனவே வந்தாச்சு. ஒருத்தரை ஒருத்தர் கேக்காமலே ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே விதிக்கு வந்திருக்காங்க. இதைச் சொன்னா எந்தக் குழந்தைக்குக் கண்ணு விரியாது? 'ஏழு'ன்னு எழுது, மார்க் வாங்குன்னா அது எப்படி விரியும்?

இதே இடத்துல இருந்து இன்னும் ஒரு அடி வச்சா 72 மேளகர்த்தா வந்து நிக்கும். ரி-க சேர்க்கை ஆறு (1-1, 1-2, 1-3, 2-2, 2-3, 3-3). த-நி சேர்க்கையும் அதே ஆறு. மத்தியமம் ரெண்டு. 6 x 6 x 2 = 72. பதினேழாம் நூற்றாண்டுல தஞ்சாவூர்ல வேங்கடமகி போட்ட கணக்கு இவ்வளவு தான். பிளஸ் ஒன்ல பர்முட்டேஷன் காம்பினேஷன் படிச்ச நம்ம ஜனம் பூரா 72-ங்கற எண்ணைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நகர்ந்து போகுதே, ஏன்? பட்டியலா மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. எண்ணிப் பாக்கச் சொல்லலை.

சரி, சுருதிக்கு வருவோம். 'ச'ங்கறது எந்தக் கட்டை? இந்தக் கேள்விக்கு 'சி' கட்டைன்னு பதில் எழுதி மார்க் வாங்கின பசங்களை எனக்குத் தெரியும். அது பாதி பதில் கூட இல்லை.

ஏற்காடு எவ்வளவு உயரம்? கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர். சேலத்துல நின்னு பாத்தா சுமார் 1,200 மீட்டர் தான் ஏறணும். மலை ஒண்ணு தான், எங்க இருந்து அளக்கறோம்ங்கறது தான் வித்தியாசம். சி, டி, இ எல்லாம் கடல் மட்டத்துல இருந்து அளக்கற கணக்கு. ச, ரி, க எல்லாம் நாம நிக்கற இடத்துல இருந்து அளக்கற கணக்கு. நீங்க எங்க நிக்கறீங்களோ அது தான் 'ச'. பாடறவர் குரலுக்கு எது வசதியோ அது. ஹார்மோனியத்துல சி-க்கு ஒரு கட்டை, டி-க்கு ரெண்டு கட்டை, ஜி-க்கு அஞ்சு கட்டைன்னு சொல்றோமே, அந்தக் 'கட்டை'ங்கற பேர்லயே ரெண்டு அளவும் கை குலுக்கிக்குது. 'நான் ஒரு கட்டையில பாடறேன்'னா 'என் ச, உங்க சி'ன்னு அர்த்தம். அவ்வளவு தான் சமாச்சாரம்.

மேல் 'ச' எப்படி அதே 'ச' ஆகும்? மலைப்பாதையில ஏறும்போது கீழ் வளைவுல சேலம் தெரியும். நாலு வளைவு தாண்டினா மறுபடியும் சேலம் தெரியும். அதே ஊர், நாம தான் உயரத்துக்கு வந்துட்டோம். அதிர்வு எண் 220-ல ஒலிக்கற கம்பி 440-க்குப் போனா காது 'அதே ஆள், மேல நிக்கறார்'ங்கும். 880-க்குப் போனாலும் அதையே தான் சொல்லும். இரட்டிப்பு ஆனா அதே ஸ்வரம். இதுக்குப் பேர் ஸ்தாயி. ஆக்டேவ்னு சொன்னாலும் அதே தான்.

இரட்டிப்புக்கு அடுத்தபடி காதுக்குப் பிடிச்ச உறவு ஒண்ணரை மடங்கு. ச-வும் ப-வும். கம்பியோட நீளத்தை மூணுல ரெண்டு பங்கா அழுத்தினா ப வந்துடும். இங்க தான் ஒரு வேடிக்கை. ஒண்ணரையால பன்னெண்டு தடவை பெருக்கினா 129.75 வரும். இரண்டால ஏழு தடவை பெருக்கினா 128. கிட்டத்தட்ட ஒண்ணு, ஆனா ஒண்ணு இல்லை! அந்தச் சின்ன இடைவெளியை என்ன பண்றதுன்னு தான் உலகம் பூரா நூத்துக்கணக்கான வருஷமா சண்டை. கீபோர்டுல அதைப் பன்னெண்டு படிக்கும் சமமாப் பங்கு போட்டு மறைச்சுட்டாங்க. தம்புராவுல மறைக்கலை. கீபோர்ட் 'ப' ஒரு துளி கம்மியா இருக்கும், தம்புரா 'ப' நிறைவா இருக்கும். நம்பலைன்னா ரெண்டையும் பக்கத்துல வச்சுக் கேளுங்க.

இதெல்லாம் குழந்தைக்கு ஓவர்னு சொல்லாதீங்க. கணக்கு வேணா ஓவரா இருக்கலாம். ச-வையும் ப-வையும் சேர்த்து ஒலிக்க விட்டு, 'ரெண்டும் சேருதா பாரு'ன்னு கேக்கறது ஓவரே இல்லை. அந்தக் காரியம் தான் எந்த கிளாஸ்லயும் நடக்க மாட்டேங்குது.

அடுத்தது தாளம். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா. மலையைச் சுத்தி இருக்கற ஊர்கள்ல இருந்து மலையாளி மக்கள் (கேரளாக்காரங்க இல்லைங்க, சேர்வராயன் மலையோட பழங்குடி மக்களுக்கே அது தான் பேர், பேசறது தமிழ்) வந்து கூடுவாங்க. அங்க மேளம் அடிச்ச ஒரு பெரியவர் கிட்ட, "ஐயா, இது எத்தனை எண்ணிக்கை?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, "எண்ணிக்கையா? இந்தா கேளு"ன்னு திரும்ப அடிச்சுக் காட்டினார். என் விரல் கணக்குல ஆறு வந்தது. ரெண்டு சுத்து தகிட-தகிட. அடுத்த சுத்து தக-தக-தக. அதே ஆறு தான், ஒரு தடவை மூணு மூணா, இன்னொரு தடவை ரெண்டு ரெண்டா. தாளத்தைப் பத்தின பாதிப் பாடம் இதுக்குள்ள இருக்கு. எண்ணிக்கை மாறலை, கூறு போடறது தான் மாறுது. ஆதி தாளம் எட்டை 4+2+2-ன்னு கூறு போடுது. மிஸ்ர சாபு ஏழை 3+4-ன்னு கூறு போடுது.

அந்தப் பெரியவருக்கு விஷயம் இருக்கு, பேர் இல்லை. நம்ம கிளாஸ்ல படிச்சு வர்ற பசங்களுக்குப் பேர் இருக்கு, விஷயம் இல்லை. 'லகு என்றால் என்ன, திருதம் என்றால் என்ன'ன்னு கடகடன்னு ஒப்பிக்கற பையனை 'ஒரு சினிமாப் பாட்டுக்குத் தட்டு'ன்னு சொல்லிப் பாருங்க, பாதியில தடம் மாறும். இதுல யாரைத் 'தியரி தெரிஞ்சவர்'னு சொல்றது? பெரியவருக்குப் பேரைச் சொல்லித் தர ஒரு மணி நேரம் போதும். பையனுக்கு விஷயத்தைச் சொல்லித் தர இன்னும் ஒரு வருஷம் ஆகும்.

இப்போ வழக்கமா வர்ற எதிர்வாதங்களுக்கு வருவோம். பின்னூட்டத்துல கும்மறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் :-)

எதிர்வாதம் 1: "நம்ம பாரம்பரியமே இப்படித் தான்."

இல்லைங்க. பாரம்பரியம் மேல பழி போடாதீங்க. ஆரம்பப் பாடத்துக்குப் புரந்தரதாசர் வகுத்துக் குடுத்ததா சொல்ற ராகம் மாயாமாளவகௌளை. அதோட படிகளை எண்ணிப் பாருங்க. ச-ல இருந்து ம வரைக்கும் 1, 3, 1. ப-ல இருந்து மேல் ச வரைக்கும் அதே 1, 3, 1. கீழ்ப் பாதியும் மேல் பாதியும் ஒரே அச்சு. பாதியைப் பாடக் கத்துக்கிட்டா மீதிப் பாதிக்குத் தொண்டை தானாப் பழகிடும். சரளி வரிசையை மூணு காலத்துல பாடச் சொல்றதும் அப்படித் தான். வேகம் இரட்டிக்குது, தாளம் அதே இடத்துல நிக்குது. இது முழுக்க முழுக்க காது வழிப் பாடம். அதைத் தூக்கிட்டு வந்து 'கேள்வி 4: மாயாமாளவகௌளை எத்தனையாவது மேளம்? விடை: 15'ன்னு ஆக்கினது நாம தான்.

இன்னும் பின்னாடி போவோமா? சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவை. மதுரையில இடையர் சேரி. மாதரி ஏழு பொண்ணுங்களை நிக்க வச்சு குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஆளுக்கு ஒரு ஸ்வரத்தோட பேரை வைக்கிறா. கை கோத்து வட்டமா நின்னு ஆடறாங்க. யோசிச்சுப் பாருங்க: ஸ்வரம்ங்கறது நோட்டுல எழுதற எழுத்து இல்லை, வட்டத்துல நிக்கற ஒரு ஆள். பக்கத்துல யாரு, எதிர்ல யாருங்கறது தான் அதோட அர்த்தம். குரலுக்கு இளி எந்தத் தூரமோ அது தான் நம்ம ச-வுக்குப் ப. இவங்க சபையில பாடற வித்வாம்சினிகளா? மாடு மேய்க்கிற, மோர் கடையற வீட்டுப் பொண்ணுங்க. அவங்களுக்கு வராத பயம் நமக்கு எங்க இருந்து வந்துச்சு?

எதிர்வாதம் 2: "ராகம் வெறும் ஸ்கேல் இல்லை. படி எண்ணிட்டா ராகம் வந்துடுமா?"

வராது. நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார், நோட்டு ஸ்வரம்னு சொல்வாங்க. அதுவும் சங்கராபரணத்தோட ஸ்வரங்கள் தான். அவரோட பெரிய சங்கராபரணக் கீர்த்தனையும் அதே ஸ்வரங்கள் தான். கேட்டா ஒண்ணா இருக்கா? கமகம், பிடி, எங்க நிக்கணும், எங்க வழுக்கணும்ங்கறது எல்லாம் வேற. ஸ்கேல்ங்கறது வீட்டு விலாசம். விலாசம் வீடு ஆயிடாது. ஆனா விலாசம் கூடத் தெரியாதவனை 'வீட்டோட அழகை ரசி'ன்னா அவன் எந்தத் தெருவுல போய் நிப்பான்?

எதிர்வாதம் 3: "தியரி தெரிஞ்சா ரசனை போயிடும்."

இது நம்ம வலையுலக நண்பர்கள் அடிக்கடி சொல்றது. ராஜா பாட்டுக்கு எட்டுப் பக்கம் பதிவு போடுவோம். 'தேன்', 'அமுதம்', 'உயிரை உருக்குது', 'மயிலிறகால வருடுது'. எல்லாம் சரி தல, அந்தப் பாட்டுல எந்த இடத்துல உருக்குது? ரெண்டாவது சரணத்துல ஏன் மனசு மாறுது? சொல்றதுக்கு வார்த்தை இல்லாததால தேன் டப்பாவையே திரும்பத் திரும்பத் திறக்கறோம். வெள்ளைக் கட்டைகளை மட்டும் வச்சுக்குங்க. சி-யை 'ச'வா வச்சு வாசிச்சா சங்கராபரணம். அதே கட்டைகளை டி-யை 'ச'வா வச்சு வாசிச்சா கரகரப்ரியா. ஏ-யை 'ச'வா வச்சா நடபைரவி. (கமகம் இல்லாத எலும்புக்கூடு தான், எதிர்வாதம் 2-ஐ மறக்கலை.) ஒரு கட்டை கூட மாறலை, நிக்கற இடம் மட்டும் மாறுது. பழந்தமிழ்ல பண்ணுப்பெயர்த்தல்னு பேர், கர்நாடக சங்கீதத்துல கிரகபேதம், அங்க மோட். இதை ஒரு தடவை காதால கேட்டவன் அதுக்கப்புறம் பாட்டை முன்ன விட அதிகமா ரசிப்பானா, கம்மியா ரசிப்பானா?

எதிர்வாதம் 4: "நம்ம சங்கீதம் வேற, அவங்க சங்கீதம் வேற. போட்டுக் குழப்பாதே."

ஏற்காடு ரோட்டோரத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குது, பாத்திருப்பீங்க. டி.ஆர்.சுந்தரம் 1930-கள்ல ஆரம்பிச்ச கம்பெனி. அதோட 'மந்திரி குமாரி'க்கு (1950) இசை ஜி.ராமநாதன், கர்நாடக ராகத்துல மெட்டு போடறதுல மன்னன். அதே கம்பெனியோட 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'இரு வல்லவர்கள்' (1966) படங்களுக்கு இசை வேதா, இந்தி மெட்டையும் மேற்கத்திய மெட்டையும் தமிழ்ல கொண்டு வர்றதுல பேர் வாங்கினவர். ரெண்டு பேர் கையிலயும் இருந்தது அதே பன்னெண்டு கட்டை தான்.

இன்னும் முன்னாடி ஒருத்தர், தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1917-ல 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். சிலப்பதிகாரத்துல இருக்கற குரல், துத்தத்தையும், ஒரு ஸ்தாயியைச் சமமாப் பங்கு போடற கணக்கையும் ஒரே மேஜையில வச்சு வாதாடினார். அவர் முடிவை எல்லாரும் ஏத்துக்கலை, அது வேற விஷயம். ரெண்டையும் ஒண்ணா வச்சா குழந்தை குழம்பிடும்னு அவர் பயப்படலை. (அதே 1917-ல தான் ஏற்காட்டுல மான்ட்ஃபோர்ட் பள்ளிக்கூடமும் தொடங்கினாங்க.) நூறு வருஷம் தாண்டியும் நாம தான் 'ச-வா, சி-யா, ஒண்ணைத் தொடு'ன்னு குழந்தைங்க கிட்ட கேட்டுட்டு இருக்கோம்.

குறை மட்டும் சொன்னா எப்படி, வழி என்னன்னு கேப்பீங்க. முதல் மாசத்துக்கு நோட்டே வேண்டாம். முதல் வாரம் போன்ல தம்புரா ஆப் ஒண்ணு போட்டுட்டு ச, ப, மேல் ச மூணு மட்டும். சேருதா, இடிக்குதான்னு காதுக்குத் தெரியற வரைக்கும். ரெண்டாவது வாரம் பிடிச்ச பாட்டுக்குக் கை தட்டி, எத்தனைக்கு ஒரு தடவை திரும்ப ஆரம்பிக்குதுன்னு எண்ணறது. மூணாவது வாரம் அதே பாட்டை வேற கட்டையில பாடிப் பாக்கறது; பாட்டு மாறலை, இடம் தான் மாறுதுன்னு அப்போ தானாப் புரியும். நாலாவது வாரம் பேர்கள். அந்தந்தச் சத்தம் ஏற்கனவே தெரிஞ்சதால ஒரே நாள்ல மனசுல நிக்கும். சொல்லித் தர்றவங்க இதுக்காகப் புதுசா எதையும் படிக்க வேண்டாம், அவங்களுக்குத் தெரிஞ்சதை வரிசை மாத்திச் சொன்னாப் போதும். முக்கியமா, பன்னெண்டுன்னு ஒரு குழந்தை சொன்னா முட்டை போடறதுக்கு முன்னாடி 'எப்படிம்மா கண்டுபிடிச்சே?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

நம்ம பதிவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்னிக்கு ராத்திரி உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரே ஒரு பாட்டை எடுத்துக்குங்க. ராகம் பேர் எல்லாம் கூகிள்ல தேட வேண்டாம். பாட்டு எந்தச் சத்தத்துல போய் 'வீட்டுக்கு வந்துட்டோம்'னு உக்காருதோ, அதை மட்டும் முணுமுணுத்துக் கண்டுபிடிங்க. அது தான் 'ச'. கண்டுபிடிச்சவங்க பாட்டையும், எந்த வார்த்தையில உக்காந்ததுன்னும் பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: 'அப்போ ஸ்ருதி 22-ஆ, 24-ஆ?'ன்னு கேக்க வர்ற அனானி நண்பருக்கு: அது தனிப் பதிவு. இப்போ ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி :-)